கேள்வி – பதில்: காட்டைக் கொடுத்தவரின் கடிதங்கள்

கேள்வி: செத்துப்போன அரசியல்வாதியின் கடிதங்களையும் கோப்புகளையும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெட்டி பெட்டியாகப் பாதுகாக்கின்றனவே, அதில் அப்படி என்னதான் இருக்கும்?

பதில்: முக்கால்வாசி சலிப்பூட்டும் சரக்குதான். ஆனால் ஒரே ஒரு தாள் கிடைத்தால் போதும், அந்த ஆளைப் பற்றி நாம் நினைத்து வைத்திருந்தது மாறிவிடும். வில்லியம் கென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1911 முதல் 1917 வரை கலிபோர்னியாவிலிருந்து காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர், பிறகு 1920 வரை சுங்கவரி ஆணையத்தில் உறுப்பினர். இவருடைய காகிதங்கள் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே இவர் விலைக்கு வாங்கிய ரெட்வுட் என்னும் நெடுமரக் காட்டை ஒரு தண்ணீர் கம்பெனி வழக்குப் போட்டுப் பிடுங்கி, நீர்த்தேக்கமாக்கப் பார்த்தது. கென்ட் அதில் 295 ஏக்கரை நேராக மத்திய அரசுக்கே தானமாக எழுதிக்கொடுத்துவிட்டார், இனி வழக்காடுவதென்றால் அரசோடு ஆடிக்கொள்! 1908 ஜனவரியில் அது தேசிய நினைவுச்சின்னமானது. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இவர் பெயரையே வைக்கிறேன் என்றபோதும் மறுத்து, இயற்கை ஆர்வலர் ஜான் முயிரின் பெயரை வைக்கச் சொன்னார்.

கேள்வி: அப்படியென்றால் முயிரின் பக்தர் என்று சொல்லுங்கள்!

பதில்: அங்கேதான் விஷயம். 1913இல் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் சான் பிரான்சிஸ்கோ நகரம் அணை கட்ட அனுமதி கேட்டது. முயிர் உயிரைக் கொடுத்து எதிர்த்தார், கென்ட்டோ காங்கிரஸில் அணைக்கு ஆதரவு. யேலில் உள்ள காகிதங்களில், அந்த ஜூலையில் சக உறுப்பினர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. என் நண்பர் முயிரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சமூக உணர்வே இல்லாத மனிதர் என்கிறார் அதில். தன் காட்டுக்கே யார் பெயரை வைக்கச் சொன்னாரோ, அவரைப் பற்றி!

இதை வெறும் துரோகம் என்று நான் சொல்ல மாட்டேன். தண்ணீரும் மின்சாரமும் தனியார் ஏகபோகத்திடம் போகக்கூடாது, பொதுமக்கள் கையில் இருக்கவேண்டும் என்பது கென்ட்டின் வாதம். காட்டைக் கொடுத்ததும் அணையை ஆதரித்ததும் அவர் கணக்கில் ஒன்றுதான், முயிர் கணக்கில்தான் இரண்டு.

கேள்வி: மொத்தத்தில் நல்லவரா, கெட்டவரா?

பதில்: 1916இல் தேசியப் பூங்காச் சேவையை உருவாக்கிய மசோதாவைப் பிரதிநிதிகள் சபையில் கொண்டுவந்தவர். ஆசியர்கள் அமெரிக்காவில் குடியேறக் கூடாது என்று கடுமையாகப் பேசியவரும் இவரே. மதிப்பெண்ணை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.