மிதிவெடியில் இழந்த காலை ஆய்வுகூடத்தில் வளர்க்கலாமா?

கிளிநொச்சியிலிருந்து ஒருவர் தம் அண்ணனுக்காகக் கேட்ட கேள்வி இது. இன்றைக்கு முடியாது. முடியும் என்று காசு கேட்பவர்களை நம்பிவிட வேண்டாம்.

உடலின் இழையங்களை ஆய்வுகூடத்தில் வளர்க்கும் இழையப் பொறியியலுக்கு உயிருள்ள கலங்கள், அவை பற்றி வளரக் கொலாஜன் என்ற புரதம் போன்றவற்றாலான சாரக்கட்டு, கலங்களை வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகள் வேண்டும். பாகற்கொடிக்குப் பந்தல் போடுவது போலத்தான். இந்தப் பந்தல் பெரும்பாலும் பிறகு கரைந்துவிடும். சிக்கல் குருதியோட்டத்தில். குருதிக்கலனிலிருந்து ஒட்சிசன் இழையத்துள் ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் தூரமே ஊடுருவும். குருதிக்கலன் இல்லாத தடித்த இழையத்தின் நடுப்பகுதி இறந்துபோகும். காலிலோ எலும்பு, தசை, நரம்பு எல்லாம் சேர வேண்டும்!

மெல்லிய தோலில் இது கைகூடியிருக்கிறது. தபால்தலை அளவு தோலின் கலங்களை 37 பாகை செல்சியசில் வளர்த்தால், மூன்று நான்கு வாரங்களில் பெரிய தீக்காயத்தையே மூடலாம். ஆனால் அது மேற்றோல் மட்டுமே. அடியில் உட்தோல் இல்லாவிட்டாலோ கிருமி தொற்றினாலோ சரியாக ஒட்டாமல் உரிந்துவிடும்.