பற்றி அல்ல, 'ஐ': சாமி இலக்கியம், கேள்வி பதில்

கேள்வி: சாமி மக்கள் யார்?

நார்வே, சுவீடன், பின்லாந்து நாடுகளின் வடபகுதியிலும் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலும் வாழும் பூர்வகுடிகள். பழைய நூல்களில் 'லாப்' என்று இருக்கும். அது இழிசொல், எழுதாதீர்கள்.

கேள்வி: சாமிகளின் மரபுப் பாட்டான யொய்க் என்பது ஒருவரைப் பற்றிய பாட்டுதானே?

அந்தப் 'பற்றி'யை முதலில் எடுத்துவிடுங்கள். வட சாமி மொழியில் யொய்க்குவதற்கான வினை நேரே செயப்படுபொருளை ஏற்கும். நம் இலக்கணப்படி இரண்டாம் வேற்றுமை: அண்ணனைப் பற்றிப் பாடுவதில்லை, அண்ணனை யொய்க்குவது. ஓநாயையும் மலையையும் அப்படித்தான். சொற்கள் சொற்பம். இரண்டு மூன்று சொல் வரும், மற்றதெல்லாம் 'லோ, லா, நா' போன்ற அசைகள். ஆளை அடையாளம் காட்டுவது மெட்டும் தாளமும்தான். தொடக்கமும் முடிவும் கிடையாது. எங்கிருந்தும் எடுக்கலாம், எங்கும் விடலாம். ஒருவருடைய யொய்க் அவருக்கே சொந்தம், கட்டியவருக்கு அல்ல. சொற்களை மட்டும் தாளில் இறக்கிவிட்டு 'இதில் கவிதை எங்கே' என்று தேடினால் சக்கைதான் மிஞ்சும்.

கேள்வி: ஒரு யொய்க்கின் வரிகளுக்குப் பொருள் எழுதித் தர முடியுமா?

மேலே உள்ள பதில்.

கேள்வி: முதலில் அச்சேறியது எது?

1673-இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷெஃபரஸ், சாமிகளின் நாட்டைப் பற்றி லத்தீனில் வெளியிட்ட 'லாப்போனியா'வில் இரண்டு பாடல்கள் உண்டு. உப்சாலாவில் படித்த சாமி மாணவர் ஓலாஃப் சிர்மா கொடுத்தவை. இரண்டும் காதல் பாட்டு. மொழி இன்று வழக்கொழிந்த கெமி சாமி. 'பையனின் மனம் காற்றின் மனம்' என்னும் கருத்து அதில் ஒன்றில் இருக்கிறது. ஜெர்மன் அறிஞர் ஹெர்டரின் நாட்டுப்பாடல் தொகுப்பு வழியாக அது அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோவை எட்டி, அவருடைய ஆங்கிலக் கவிதை ஒன்றில் பல்லவியானது. வரி உலகம் சுற்றியது. மெட்டு கிளம்பவே இல்லை.

கேள்வி: பின்லாந்தின் கலேவலா போல சாமிகளுக்கு ஒரு காப்பியம் உண்டா?

பாதிரியார் ஆண்டர்ஸ் ஃபெல்னர் தந்த 'சூரியனின் புதல்வர்கள்' கிட்டத்தட்ட அப்படி. அதில் மக்கள் பாடியது எவ்வளவு, அவர் கோத்தது எவ்வளவு என்ற சண்டை ஓயவில்லை. வாய்மொழிச் சான்றாக அதை மேற்கோள் காட்டுவதற்கு முன் யோசியுங்கள்.

கேள்வி: யொய்க்கில் 'பற்றி' கூடாது என்கிறீர்கள். சாமி எழுத்தாளர் யொஹான் துரியின் 1910 நூலின் தலைப்பே 'சாமிகளைப் பற்றிய கதை' என்றுதானே வருகிறது?

நல்ல பிடி. தலைப்பில் உள்ள 'பிர்ரா' என்ற சொல்லுக்குப் 'பற்றி' என்றுதான் பொருள். ஆனால் அது யொய்க் அல்ல, 'முய்தாலுஸ்', அதாவது எடுத்துரைப்பு. கேட்பவர் வெளியார். சாமிகளின் நிலையைச் சரியாக விளக்க ஆளில்லாததால் சுவீடன் அரசுக்கு அது புரியவில்லை என்று துரி தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். தெரியாதவனுக்குப் 'பற்றி'ச் சொல்லத்தானே வேண்டும்? அதே நூலில் யொய்க்குக்கு வரும்போது, பிற மனிதர்களை நினைவுகூரும் கலை என்கிறார். ஒரே ஏட்டில் இரண்டு வேலை, இரண்டையும் குழப்பவில்லை.

கேள்வி: வட சாமி அகராதியில் துரியின் சொற்கள் அகப்படவில்லையே?

பொது எழுத்துமுறை வந்தது 1979-இல். துரியின் எழுத்துக்கூட்டல் வேறு. இன்றைய வடிவுக்கு மாற்றிய பதிப்பை எடுங்கள்.

கேள்வி: அப்படியானால் அச்சில் யொய்க் முடியவே முடியாதா?

சாமி கவிஞர் வால்கியாபாவின் 'சூரியன், என் தந்தை' (1988) பாருங்கள். 1991-இல் வட ஐரோப்பிய நாடுகளின் நார்டிக் கவுன்சில் இலக்கியப் பரிசு பெற்றது. ஒரு கவிதையில் துருவக் கலைமான்களுக்கான சொற்கள் தாள் முழுக்கச் சிதறிக் கிடக்கும். தள்ளி நின்று பார்த்தால் மந்தை நகர்கிறது. மந்தையைப் பற்றி ஒரு வாக்கியம் கிடையாது. நூலில் நூற்றுக்கணக்கான பழைய புகைப்படங்களும் உண்டு, சாமிப் பதிப்பில் மட்டும். மொழிபெயர்ப்பை வாங்கிவிட்டுப் படங்களைத் தேடாதீர்கள்.

கேள்வி: யொய்க், ஒருவரைப் பற்றிய பாட்டா?

இரண்டாம் வேற்றுமை.