தொடைக்கறியும் தசை, குடலும் தசை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போன ஞாயித்துக்கிழமை வீட்ல மட்டன் சுக்காவும் குடல் குழம்பும் வச்சோம். ரெண்டுமே தசைதான்னு பிளஸ் ஒன் படிக்கிற என் பொண்ணு சொல்றா. பார்த்தா அப்படித் தெரியலையே?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பொண்ணு சொன்னது சரிதாங்க. அடுத்த தடவை சுக்காவுக்கு நல்லா வெந்த தொடைக்கறித் துண்டு ஒண்ண எடுத்து விரலால பிரிச்சுப் பாருங்க, ஒரே திசையில நார் நாரா பிரிஞ்சு வரும். கண்ணுக்குத் தெரியிற அந்த நார் ஒரு இழை இல்ல, ஏகப்பட்ட இழை சேர்ந்த கத்தை. உள்ள இருக்கிற ஒத்த இழை 10 மைக்ரான்ல இருந்து 100 மைக்ரான் தடிமன்தான் இருக்கும் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), ஆனா நீளத்துல சென்டிமீட்டர் கணக்குல போகும். இதுல ஆச்சரியம் என்னன்னா அவ்வளவு நீள இழையும் ஒரே செல். கரு வளர்றப்பவே நிறைய செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சு உருவானதால ஒரு இழைக்குள்ள நூத்துக்கணக்குல நியூக்ளியஸ் இருக்கும்.

குடல்ல அப்படி ஒரே திசை கிடையாது. சுவத்துல ரெண்டு தசை அடுக்கு, உள் அடுக்கு குடலைச் சுத்தி வளையமா ஓடும், வெளி அடுக்கு நீளவாக்குல ஓடும். வளையம் இறுகினா குழாய் குறுகும், நீளவாக்குல இருக்கிறது இறுகினா குழாய் குட்டையாகும், இந்த ரெண்டும் மாறி மாறி நடந்துதான் சாப்பாடு கீழ நகருது. செல்லும் குட்டி செல், ரெண்டு முனையும் கூர்மையா, நடுவுல ஒரே ஒரு நியூக்ளியஸ். மைக்ராஸ்கோப்ல தொடைக்கறிய வச்சா குறுக்குக் கோடு கோடா தெரியும், குடல்ல அந்தக் கோடே இருக்காது. பொண்ணோட புத்தகத்துல எலும்புத்தசை, மென்தசைன்னு போட்டிருக்கிறது இந்த ரெண்டையும்தான். இதயத்தசை மூணாவது ரகம், அத இன்னொரு வாரம் பார்ப்போம்.

கேள்வி: தசை சுருங்கும்போது உள்ள இருக்கிற ஆக்டினும் மையோசினும் சுருங்குதா சார்? எங்க கிளாஸ்ல ரெண்டு பேருக்கு இதுல சண்டையே வந்துடுச்சு.
– பிளஸ் டூ மாணவர், தஞ்சாவூர்

பதில்: ஆக்டினும் மையோசினும் தசை இழைக்குள்ள கம்பி கம்பியா அடுக்கியிருக்கிற ரெண்டு புரதம். அதுங்க சுருங்கலைன்னு சொன்னவர் ஜெயிச்சுட்டார். ஆனா தோத்தவர் வருத்தப்பட வேணாம், 1950கள் வரைக்கும் பெரிய பெரிய விஞ்ஞானிங்களே உள்ள இருக்கிற புரதம் மடிஞ்சு சுருங்குதுன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. 1954 மே மாசம் நேச்சர் பத்திரிகையோட ஒரே இதழ்ல ரெண்டு கட்டுரை வந்துச்சு. ஒண்ணு ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, ரால்ஃப் நீடர்கெர்க் எழுதினது, அவங்க தவளையோட உயிருள்ள தசை இழைய வச்சுப் பார்த்தாங்க. இன்னொண்ணு ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன் எழுதினது, அவங்களுக்கு முயல் தசை. ரெண்டு ஹக்ஸ்லிக்கும் சொந்தம்லாம் கிடையாது, வெறும் பேர்ப் பொருத்தம். ரெண்டு குழுவும் பார்த்தது ஒரே விஷயம்: மேல சொன்ன குறுக்குக் கோடுகள் கருப்பு, வெளுப்புன்னு மாறி மாறி வர்ற பட்டைங்கதான், தசை சுருங்கும்போது கருப்புப் பட்டையோட அகலம் மாறவே இல்ல, வெளுத்த பட்டை மட்டும் குறையுது. கருப்புப் பட்டை மையோசின் இருக்கிற இடம். அது மாறலைன்னா என்ன அர்த்தம்? மையோசின் கம்பி அப்படியேதான் இருக்கு, ஆக்டின் கம்பிங்க அதுக்கு நடுவுல சறுக்கிக்கிட்டு உள்ள வருது.

சறுக்க வைக்கிறது யாருன்னா மையோசினோட தலைங்க. ஒரு மையோசின் கம்பியில சுமார் 300 மையோசின் மூலக்கூறு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு தலை. ஒவ்வொரு தலையும் ஆக்டினைப் பிடிச்சு, மடங்கி, இழுத்து, விட்டு, திரும்ப கொஞ்சம் தள்ளிப் பிடிக்கும். ஒரு இழுப்புக்கு சுமார் 10 நானோமீட்டர்தான் நகரும் (மைக்ரான்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் நானோமீட்டர்). தேர் இழுக்கிறப்ப வடத்தைப் பிடிச்ச அத்தனை பேரும் ஒரே நேரத்துல கைய மாத்தினா தேர் நின்னுடும்ல, இங்கயும் சில தலை விடுறப்ப சில தலை பிடிச்சிருக்கும், அதனாலதான் வழுக்கிப் பின்னால போகாம இழுவை தொடர்ந்து இருக்கு.

10 நானோமீட்டர்ல எப்படிப்பா கை மடங்கும்னு கேட்பீங்க, கணக்கு போடுங்க. இந்த ஆக்டின், மையோசின் கம்பிங்க சேர்ந்த ஒரு துண்டுக்கு சார்கோமியர்னு பேர், இழை நெடுக அது வரிசையா வரும். சார்கோமியர் ஒண்ணு ஏறக்குறைய 2.5 மைக்ரான். 10 சென்டிமீட்டர் இழையில வரிசையா 40,000 சார்கோமியர் வரும். ஒவ்வொண்ணும் அரை மைக்ரான் குறைஞ்சா மொத்தம் 2 சென்டிமீட்டர், அதுவும் எல்லாம் ஒரே சமயத்துல குறையறதால கண் இமைக்கிற நேரத்துல நடந்து முடிஞ்சுடும்.

பரீட்சையில நிறைய பேர் கோட்டை விடுற இடம் ஏடிபி, அதாவது செல்லுக்கு சக்தி கொடுக்கிற மூலக்கூறு. இழுக்கத்தான் ஏடிபி வேணும்னு எழுதுவாங்க. பிடிச்ச பிடிய விடுறதுக்கே ஏடிபி வந்து ஒட்டணும், அது உடையறப்பதான் தலை அடுத்த இழுப்புக்குத் தயாராகுது. செத்த உடம்பு விறைக்கிறது இதனாலதான், ஏடிபி தீர்ந்துபோச்சு, தலைங்களுக்கு விடத் தெரியல. அப்புறம் நாள் போகப் போக புரதமே சிதைய ஆரம்பிச்சாதான் உடம்பு தளரும்.

கேள்வி: எனக்கு வயசு அறுபத்தி மூணு. பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுறேன். அது கால்சியத்தைத் தடுக்கிற மாத்திரைன்னு மருமகன் சொன்னார். தசைக்கு கால்சியம்தானே வேணும், அப்ப கை கால் பலவீனம் ஆயிடாதா?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: ஐயா, ரொம்ப நல்ல கேள்வி, இந்த வாரத்துல எனக்குப் பிடிச்ச கேள்வியே இதுதான். மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க, முதல்ல அத சொல்லிடுறேன். கை கால் பலவீனம் ஆகாது. ஏன் ஆகாதுங்கிறதுலதான் ரெண்டு தசைக்கும் உள்ள வித்தியாசமே இருக்கு.

ரெண்டு தசைக்கும் கால்சியம்தான் சுவிட்ச், அது உண்மை. ஆனா எலும்புத்தசை தனக்கு வேண்டிய கால்சியத்தை செல்லுக்குள்ளயே ஒரு வலைப்பின்னல் பையில சேர்த்து வச்சிருக்கு. நரம்புல இருந்து கட்டளை வந்ததும் இழையோட மேல்சவ்வுல இருக்கிற ஒரு புரதம் கொஞ்சம் அசையும், அந்த அசைவே பையோட கதவைத் திறந்துடும். வெளிய ரத்தத்துல இருந்து கால்சியம் உள்ள வரணும்னு அவசியமே இல்ல. பையில இருந்து வெளிய வந்த கால்சியம், ஆக்டின் கம்பியில இருக்கிற ட்ரோபோனின்ங்கிற புரதத்து மேல போய் ஒட்டும், அது ஆக்டினை மூடியிருக்கிற ட்ரோபோமையோசின்ங்கிற இன்னொரு புரதத்தை நகர்த்தும், மறைஞ்சிருந்த ஆக்டின் இடங்கள் திறந்து மையோசின் பிடிச்சுக்கும்.

ரத்தக்குழாய்ச் சுவத்துல இருக்கிறது மென்தசை. அதுக்குள்ள பை சின்னது, வெளிய இருந்து வர்ற கால்சியத்தைத்தான் ரொம்ப நம்பியிருக்கு. அம்லோடிபின் அந்த வாசலைத்தான் மூடுது. கால்சியம் குறைஞ்சா தசை தளரும், குழாய் விரியும், பிரஷர் இறங்கும். இந்த மாத்திரை சாப்பிடுற சிலருக்கு கணுக்கால் வீங்குறதுக்கும் இந்த விரிவுதான் காரணம், உங்களுக்கு அப்படி இருந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க.

மென்தசைல ட்ரோபோனின் கிடையாது. கால்சியம் கால்மாடுலின்னு ஒரு புரதத்தோட சேர்ந்து ஒரு என்சைமை எழுப்பும், அந்த என்சைம் மையோசின் தலையிலயே பாஸ்பேட்டை ஒட்டும், அப்பதான் தலை வேலைக்கு வரும். இவ்வளவு படி இருக்கிறதால மென்தசை மெதுவாதான் சுருங்கும்.

கேள்வி: டம்பெல்ஸை ஒரு நிமிஷம் நீட்டிப் பிடிச்சா கை நடுங்குது. குடலும் ரத்தக்குழாயும் நாள் முழுக்க வேலை செய்யுதே, அதுக்கு ஏன் களைப்பே இல்ல?
– ஜிம் போகும் வாசகர், கோவை

பதில்: மென்தசைக்கு ஒரு தந்திரம் தெரியும். இறுக்கின பிறகு ஒட்டின பாஸ்பேட்டை இன்னொரு என்சைம் கழட்டிடும், ஆனா ஆக்டினைப் பிடிச்சிருக்கிற தலைங்க உடனே விடாது, ரொம்ப மெதுவாதான் விடும். அதனால இறுக்கம் அப்படியே நிக்கும், ஏடிபி செலவு மட்டும் எலும்புத்தசையோட பார்த்தா ரொம்பக் கம்மி. உங்க கையில ஒவ்வொரு தலையும் வினாடிக்குப் பல தடவை பிடிச்சு விட்டு ஏடிபியை எரிச்சுக்கிட்டே இருக்கு, நடுங்காம என்ன பண்ணும்?

குடலுக்கு ஒவ்வொரு தடவையும் மூளைகிட்ட அனுமதி கேட்கிற வேலையும் இல்ல. சுவத்துலயே தாளம் போடுற செல்லுங்க இருக்கு. இரைப்பையில நிமிஷத்துக்கு சுமார் 3, சிறுகுடலோட ஆரம்பத்துல சுமார் 12ன்னு தாளம் ஓடிக்கிட்டே இருக்கும். பக்கத்துப் பக்கத்து செல்லுங்களுக்கு நடுவுல குட்டித் திறப்பு இருக்கு, ஒண்ணுக்கு வந்த சிக்னல் அடுத்ததுக்கு அது வழியா போயிடும், மொத்த வளையமும் சேர்ந்தே இறுகும்.

ஜிம் சம்பந்தமா ஒண்ணு: தசை பெருசாகிறது பெரும்பாலும் இருக்கிற இழையே தடிமனாகிறதாலதான். மென்தசை வளரணும்னா எப்படி வளரும்னு பார்க்கணுமா, கர்ப்பப்பையைப் பாருங்க, சாதாரணமா 50, 70 கிராம் இருக்கிறது பிரசவ சமயத்துல ஒரு கிலோவ நெருங்கும்.

கேள்வி: ராத்திரி தூக்கத்துல அம்மாவுக்கு கெண்டைக்கால்ல குரக்களி பிடிச்சுக்குது. கால்சியம் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: நீங்களா வாங்கிக் கொடுக்காதீங்க. தசைக்குள்ள பையில கால்சியம் இருக்குன்னு மேல சொன்னேன், அது தீர்ந்துபோய் பிடிச்சுக்கிறது இல்ல. அந்தத் தசைக்குப் போற நரம்பு கட்டளையை நிறுத்தாம அனுப்பிக்கிட்டே இருக்கிறதுதான் பிரச்சினை. ரத்தத்துல கால்சியம் நிஜமாவே குறைஞ்சா நரம்பு சும்மா சும்மா தூண்டப்பட்டு தசை இழுத்துக்கும்தான், ஆனா அத ரத்தப் பரிசோதனைதான் சொல்லணும். பிடிச்ச நேரத்துல முட்டிய நீட்டி வச்சு கால் விரல்களை முகத்துப் பக்கமா மடக்கி இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்க, விட்டுடும். அடிக்கடி வந்தா, சாப்பிடுற மாத்திரை அத்தனையும் எடுத்துக்கிட்டு டாக்டரைப் பாருங்க.

கேள்வி: கண்ணாஸ்பத்திரில சொட்டு மருந்து ஊத்தினதும் செல்போன்ல எழுத்தே தெரியல. ஏன்?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: கண்ணு நடுவுல கருப்பா தெரியிற பாப்பாவைச் சுருக்குற தசை மென்தசை, அதுக்கு நரம்பு சொல்ற சேதிய அந்தச் சொட்டு மறிச்சிடுது, பாப்பா விரிஞ்சுடும். கிட்டப் பார்க்க லென்ஸைத் தடிமனாக்குற தசையும் மென்தசைதான், அதுவும் சேர்ந்து படுத்துக்கும். சில மணி நேரத்துல சரியாகிடும், அதுவரைக்கும் வண்டி ஓட்டாதீங்க. இதே சொட்டை கோழிக்கு ஊத்தினா பாப்பா விரியாது, பறவைங்களுக்கு அந்த இடத்துல இருக்கிறது கோடு போட்ட தசை.