சர்வர் மதர்போர்டுகளில் சீனா உளவுச் சில்லு வைத்ததாக 2018இல் வந்த செய்தி உண்மையா?

நிறுவனங்களின் தரவுகளைத் தாங்கும் கணினிகளான சர்வர்களை வாங்கிச் சோதித்துத் தரவு மையங்களில் பொருத்தும் பணியில் நீண்ட காலமாக இருப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். அப்படி ஒரு சில்லை வைக்க முடியும். அந்தச் செய்தி சொன்னபடி வைத்தார்கள் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. முதல் வாக்கியத்தைக் கேட்டவுடன் இரண்டாவதையும் நம்பிவிடுகிறவர்கள் எங்கள் துறைக்குள்ளேயே இருக்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

செய்தியை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 அக்டோபர் 4ஆம் தேதி புளூம்பெர்க் பிசினஸ்வீக் இதழ் ஒரு பெரிய கட்டுரையை வெளியிட்டது. சர்வர் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான சூப்பர்மைக்ரோவுக்காகச் சீனாவில் மதர்போர்டு (சர்வரின் பாகங்கள் பொருந்தும் முதன்மை மின்சுற்றுப் பலகை) செய்து தந்த துணை ஒப்பந்தத் தொழிற்சாலைகளில் சீன ராணுவத்தின் ஆட்கள் அரிசி மணி அளவுள்ள சில்லு ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள் என்றும், ஆப்பிள், அமேசான் உட்படக் கிட்டத்தட்ட 30 நிறுவனங்கள் பாதிக்கப்பட்டன என்றும் அது கூறியது. இதை 17 பேர் உறுதிசெய்ததாக எழுதிய கட்டுரை, அவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. அன்று ஒரே நாளில் சூப்பர்மைக்ரோவின் பங்கு விலை 40 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது.

ஆப்பிள், அமேசான், சூப்பர்மைக்ரோ மூன்றும் மறுத்தன. பெரிய நிறுவனம் என்றால் மறுக்கத்தானே செய்யும் என்று இதைத் தள்ளிவிடுவது சரியன்று. பங்குச் சந்தையில் உள்ள ஒரு நிறுவனம் உண்மையை மறைக்க விரும்பினால், கருத்துச் சொல்வதற்கில்லை என்று ஒதுங்கிக்கொள்ளும். இங்கே மறுப்புகள் ஒவ்வொரு விவரத்தையும் எடுத்துக்கொண்டு மறுத்தன, ஆப்பிள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்களுக்கே கடிதம் எழுதியது, அதன் அன்றைய தலைமைச் செயல் அலுவலர் டிம் குக் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். பொய் என்று தெரிந்தால் வழக்குகளில் மாட்டிவிடும் எழுத்துகள் இவை. பிரிட்டனின் தேசிய இணையப் பாதுகாப்பு மையமும் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் நிறுவனங்களின் கூற்றைச் சந்தேகிக்கக் காரணம் இல்லை என்றன. டிசம்பரில், வெளியார் ஒருவரைக் கொண்டு நடத்திய சோதனையில் எதுவும் அகப்படவில்லை என்று சூப்பர்மைக்ரோ அறிவித்தது. காசு கொடுத்தது அந்நிறுவனமே என்பதால் அதற்கு நான் அவ்வளவு எடை தரமாட்டேன்.

இனி, முடியும் என்று ஏன் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். சர்வர் மதர்போர்டில் நாங்கள் பிஎம்சி என்று அழைக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு ஒன்று உண்டு. சர்வரை அணைத்துவிட்டாலும் மின் இணைப்பு இருக்கும்வரை அது விழித்திருக்கும். தொலைவிலிருந்து இயந்திரத்தை இயக்கவும் நிறுத்தவும் இயங்குதளத்தையே மாற்றி ஏற்றவும் அதன் வழியாக முடியும். அதை இயக்கும் அடிப்படை நிரலான ஃபர்ம்வேர், அருகிலுள்ள ஒரு சிறு ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே தலைமுடி போன்ற சில செப்புத் தடங்கள் ஓடுகின்றன. அவற்றில் ஒன்றின் குறுக்கே உட்கார்ந்து, கடந்துபோகும் பிட்டுகளில் சிலவற்றை மட்டும் மாற்றினாலே போதும். 2018 டிசம்பரில் ஜெர்மனியில் நடந்த மாநாட்டில் ட்ரம்மெல் ஹட்சன் என்ற ஆய்வாளர், அந்தத் தடத்தில் ரெசிஸ்டர் எனும் சிறு பாகம் ஒன்று இருக்கும் இடத்தையே பயன்படுத்தி இது நடக்கக்கூடியது என்று காட்டினார். மறு ஆண்டில் மோண்டா எல்கின்ஸ் என்ற இன்னொருவர், சுமார் 200 டாலர் செலவில் வாங்கிய கருவிகளைக் கொண்டு வலையமைப்பைக் காக்கும் ஒரு ஃபயர்வால் பெட்டிக்குள் சிறு சில்லைப் பற்றவைத்துக் காட்டினார்.

ஆனால் என் மனத்தை மிகவும் உறுத்தியது ஜோ ஃபிட்ஸ்பேட்ரிக் சொன்னது. கட்டுரையில் பெயரோடு மேற்கோள் காட்டப்பட்ட வன்பொருள் பாதுகாப்பு வல்லுநர் அவர். எப்படியெல்லாம் செய்யலாம் என்று செய்தியாளருக்குத் தாம் கொள்கையளவில் விளக்கியவையே நடந்த நிகழ்ச்சிகளாகக் கட்டுரையில் வந்திருந்தது தமக்கு நெருடலாக இருந்தது என்று பிறகு ஒரு நேர்காணலில் தெரிவித்தார். கட்டுரையில் இருந்த சில்லின் படம், தாம் உதாரணத்துக்காக அனுப்பிய, கடையில் கிடைக்கும் ஒரு சாதாரண உதிரிப்பாகத்தைப் போலவே இருந்தது என்றும் சொன்னார்.

செய்தி வந்த பிறகு எங்கள் பணியிடத்திலும் போர்டுகளைக் கழற்றி உருப்பெருக்கியின் கீழ் பார்த்தோம். ஒரு போர்டில், தயாரிப்பாளர் தந்த படத்தில் இல்லாத ஆறு கால் பாகம் ஒன்று, பிஎம்சிக்குப் பக்கத்திலேயே இருந்தது. எனக்குக் கை நடுங்கியது உண்மை. தடங்களை மீட்டர் வைத்துத் தொடர்ந்து, மேலே அச்சிட்ட குறியெழுத்தைத் தேடி, தயாரிப்பாளருக்கு எழுதி, இரண்டு நாட்களில் விடை கிடைத்தது: பழைய மின்னழுத்தச் சீராக்கி தட்டுப்பாடானதால் மாற்றுப் பாகம் போட்டிருந்தார்கள், படத்தைப் புதுப்பிக்க மறந்துவிட்டார்கள். அறியாத பாகம் என்பது தீய பாகம் ஆகிவிடாது என்பதை அன்று கண்ணால் கண்டேன். ஒரு பாகத்துக்கே அவ்வளவு நேரம் என்றால், ஆயிரக்கணக்கான போர்டுகளை யார் இப்படிப் பார்ப்பார்கள் என்ற கவலையும் அன்றே வந்தது. அது இன்னும் தீரவில்லை.

நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்கிறார்கள். நெருப்பு இருந்த இடங்களை எடுத்துப் பாருங்கள். 1984இல் மாஸ்கோவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தின் ஐபிஎம் தட்டச்சுப் பொறிகளில் ஒட்டுக்கேட்கும் கருவிகள் இருந்தது எக்ஸ்ரேயில் தெரிந்தது. அங்கும் லெனின்கிராடிலிருந்த துணைத் தூதரகத்திலுமாக 16 பொறிகள் கையில் சிக்கின. அமெரிக்க உளவு நிறுவனமான என்எஸ்ஏவின் ரகசியங்களை அம்பலப்படுத்திய ஸ்னோடனின் ஆவணங்களில் 2014இல் வெளியானவற்றில், அதன் ஊழியர்கள் வழியில் மறித்த சிஸ்கோ நிறுவன வலையமைப்புக் கருவியின் பெட்டியைப் பிரிக்கும் படமே இருந்தது. வன்பொருள் மோசடி என்றால் ஒரு பொருள் மிஞ்ச வேண்டும். ஃபர்ம்வேரைத் திருத்தினால் தடயத்தை அழித்துவிடலாம், பற்றவைத்த சில்லை அழிக்க முடியாது. 30 நிறுவனங்களுக்குப் போனதாகச் சொல்லப்பட்ட அந்தப் போர்டுகளில் ஒன்றுகூட இதுவரை பொதுவெளியில் காட்டப்படவில்லை. புளூம்பெர்க் கட்டுரையைத் திரும்பப் பெறாமல், 2021 பிப்ரவரியில் இன்னொரு நீண்ட கட்டுரையும் வெளியிட்டது. அதிலும் போர்டு இல்லை.

எனவே போர்டுகளைச் சோதியுங்கள், பிஎம்சி வலையமைப்பை இணையத்திலிருந்து பிரித்து வையுங்கள், ஃபர்ம்வேரின் மின்னணுக் கையொப்பத்தைச் சரிபாருங்கள். இவை அந்தச் செய்தி பொய்யானாலும் தேவைப்படுபவை. ஒரே ஒரு போர்டும், அதன் எக்ஸ்ரே படமும், அந்தச் சில்லிலிருந்து எடுத்த நிரலும் வெளிவந்தால், இந்தப் பதிலை அன்றே மாற்றி எழுதுவேன்.