ஹிரகானா, கதகானா, கான்ஜி: எதில் தொடங்குவது?

கேள்வி: ஜப்பானிய மொழித் தேர்வில் என்5 என்ற தொடக்க நிலைக்குப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஹிரகானா, கதகானா, கான்ஜி என்று மூன்று வகை எழுத்து என்றதுமே தலை சுற்றுகிறது. மூன்றையும் படித்தே ஆகவேண்டுமா? இப்போதைக்குச் சொற்களின் உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைத்துப் படிக்கிறேன், அது போதுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். போதாது, இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். 'ககி' என்று நோட்டில் எழுதிவைக்கிறீர்கள், அடுத்த வாரம் அதை எப்படிப் படிப்பீர்கள்? இரண்டாவது எழுத்தை 'கடல்' என்பதன் க போல அழுத்திச் சொன்னால் அது பெர்சிமன் பழம், 'தங்கம்' என்பதில் வரும் க போல மெலிதாகச் சொன்னால் சாவி. ஹிரகானாவில் இந்த வேறுபாட்டைக் காட்ட எழுத்தின் வலது மேல்மூலையில் இரண்டு சின்னக் கோடு போடுவார்கள். தமிழ் எழுத்தில் அதற்கு வழியே கிடையாது. (இங்கே நான் தமிழில் எழுதுவதும் வேறு வழியில்லாமல்தான், இதை வைத்து உச்சரிப்பு பழகாதீர்கள்.)

ஆனால் தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு ஆதாயமும் உண்டு. ஒபஸன் என்றால் அத்தை, ஒபாஸன் என்றால் பாட்டி. கித்தே என்றால் தபால்தலை, ஒற்றை விட்டுக் கிதே என்றால் 'வந்து'. குறில் நெடிலும் ஒற்றும் நமக்குப் பழகியவை என்பதால் இதில் தடுமாற மாட்டீர்கள். எழுத்து வரிசையும் அவ்வளவு அந்நியமாக இருக்காது: அ, இ, உ, எ, ஒ என்று ஐந்து உயிர், அப்புறம் க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ. புத்த பிட்சுகள் சமஸ்கிருத ஒலிமுறையைப் படித்ததன் தாக்கத்தில் உருவான வரிசை இது.

இனி அந்த மூன்று. ஹிரகானாவும் கதகானாவும் ஒலியைக் காட்டும் எழுத்துகள், கான்ஜி பொருளைக் காட்டும் சீன வழி எழுத்து. ஒன்றைப் படித்துவிட்டு மற்ற இரண்டை விட்டுவிடலாம் என்றால் முடியாது, ஏனென்றால் ஒரே வாக்கியத்துக்குள் மூன்றும் சேர்ந்து வரும். 'வதஷி வ கோஹீ ஒ நோமிமஸ்' (நான் காபி குடிக்கிறேன்) என்பதைப் பாருங்கள்: 'நான்' கான்ஜி, காபி வெளிநாட்டுச் சொல் என்பதால் கதகானா, 'குடி' என்ற வினையின் அடி கான்ஜி, அதன் விகுதியும் நடுவே வரும் வ, ஒ என்ற இடைச்சொற்களும் ஹிரகானா. ஜப்பானியர்கள் சொற்களுக்கு நடுவே இடம் விட்டு எழுதுவதில்லை, எழுத்து வகை மாறுவதைப் பார்த்துத்தான் ஒரு சொல் எங்கே முடிகிறது என்று கண் பிடித்துக்கொள்கிறது. முழுக்க ஹிரகானாவில் எழுதிய பத்தியைப் படித்துப் பாருங்கள், கான்ஜி மேல் உங்களுக்கே மரியாதை வந்துவிடும். ஹஷி என்ற ஒலிக்குப் பாலம், சாப்பிடும் குச்சி, ஓரம் என்று மூன்று பொருள், மூன்றுக்கும் வேறு வேறு கான்ஜி.

ஹிரகானாவில் தொடங்குங்கள். அடிப்படை எழுத்து 46தான், தினமும் அரைமணி நேரம் கையால் எழுதினால் இரண்டு வாரத்தில் வந்துவிடும். கதகானாவும் அதே 46 ஒலிகள்தான், வடிவம் மட்டும் வேறு. அதை அலட்சியமாக விடுபவர்கள்தான் அதிகம், பிறகு உணவகத்தில் மெனுவைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பார்கள். ஷி, த்ஸு என்ற இரண்டு எழுத்தும் அச்சில் இரட்டைப்பிள்ளை மாதிரி இருக்கும். நீளக் கோட்டைக் கீழிருந்து மேலே இழுத்தால் ஷி, மேலிருந்து கீழே இழுத்தால் த்ஸு. ன், ஸோ இரண்டுக்கும் இதே கதை. எழுதிப் பழகியவருக்கு இது குழப்பாது, செயலியில் பார்த்து மட்டும் படித்தவருக்கு மாதக்கணக்கில் குழப்பும்.

கான்ஜியைக் கண்டு மிரள வேண்டாம். அன்றாடப் பயன்பாட்டுக்கான அரசுப் பட்டியலில் 2136 இருக்கின்றன, ஜப்பானியக் குழந்தைகளே அதில் 1026 எழுத்தை ஆறு வருடம் தொடக்கப்பள்ளியில் படிக்கிறார்கள். என்5-க்கு ஏறத்தாழ நூறு போதும். ஒவ்வொரு எழுத்துக்கும் எல்லா உச்சரிப்பையும் மனப்பாடம் செய்யச் சொல்லும் புத்தகம் வைத்திருந்தால் ஓரமாக வையுங்கள். மலை என்ற கான்ஜி தனியாக நின்றால் யமா, ஃபுஜி மலையின் பெயரோடு சேர்ந்தால் ஸன் (அது மரியாதைக்குச் சேர்க்கும் 'ஸன்' இல்லை, பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள்). ஆகவே எழுத்தாகப் படிக்காமல் சொல்லாகப் படியுங்கள், உச்சரிப்பு சொல்லோடு கூடவே வந்துவிடும்.

தேர்வில் கையால் எழுத வேண்டியதில்லை, எல்லாமே விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். ஆங்கில எழுத்தில் ஜப்பானிய மொழி எழுதும் ரோமாஜி உங்களுக்குத் தேவைப்படுவது கணினியில் தட்டச்சு செய்யும்போது மட்டும்தான். அங்கேயும் ஒன்றைக் கவனியுங்கள்: மேலே சொன்ன இடைச்சொல் 'வ' என்று ஒலித்தாலும் 'ஹ' என்ற எழுத்தால்தான் எழுதப்படுகிறது, அதனால் எச், ஏ என்று தட்டினால்தான் அது சரியாக வரும்.