இளைஞர் ஒருவர் பள்ளியில் உதவி ஆசிரியராகச் சேரலாமா?

பி.எஸ்சி. முடித்திருக்கிறீர்கள், வேளச்சேரிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் உதவி ஆசிரியர் வேலை வருகிறது, ஆண் என்பதால் தயக்கம் என்கிறீர்கள். சேரலாம். ஆனால் எந்த வகுப்பு என்று முதலில் கேளுங்கள். எல்.கே.ஜி. என்றால் பாடம் நடத்துவது கொஞ்சம்தான்; டிபன் பாக்ஸைத் திறந்து கொடுப்பது, அழுகிற பிள்ளையைச் சமாளிப்பது, நோட்டுகளை அடுக்குவது என்றே பொழுது போகும். கழிப்பறைக்கு அழைத்துப் போவதை ஆயாம்மாவிடம் விட்டுவிடுங்கள். தனி அறையில் ஒரு குழந்தையோடு மட்டும் இருக்க நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது உங்களுக்கும் பாதுகாப்பு.

இன்னொன்று, இந்த அனுபவம் மட்டும் அரசுப் பள்ளி வேலை வாங்கித் தராது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எடுக்கத் தொடக்கக் கல்விப் பட்டயமும் டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும், பி.எட். போதாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆறு முதல் எட்டு வரை என்றால் பி.எட்.டும் டெட்டும். சிறப்புக் குழந்தைகளோடு வேலை செய்யப் பிடித்தால் முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனத்தில் சிறப்புக் கல்விப் படிப்புகள் இருக்கின்றன. என்னைக் கேட்டால் அதுதான் நல்ல வழி.

அப்புறம், கோடை விடுமுறையான மே மாதத்துக்குச் சம்பளம் உண்டா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.