பாதையில்லாத பாலைவன மலை: இறங்கும் வழியிலிருந்து திட்டமிடுங்கள்

கேள்வி: நானும் நண்பரும் குளிர்காலத்தில் ஆள் நடமாட்டமே இல்லாத பாலைவனத்தில் ஒரு சிகரம் ஏறப்போகிறோம். பாதை கிடையாது. வண்டியை நிறுத்தும் இடத்திலிருந்து சிகரம் 6 கி.மீ., ஏற்றம் 900 மீட்டர். காலை 8 மணிக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாமா? இருவருக்கும் சேர்த்து 4 லிட்டர் தண்ணீர் போதுமா? நண்பர் என்னைவிட வேகமாக நடப்பவர்.

பதில்: இருட்டுவதற்குள் திரும்ப முடியாது, தண்ணீரும் போதாது. ஆனால் திட்டத்தைக் கொஞ்சம் மாற்றினால் தாராளமாகப் போய்வரலாம்.

முதலில் நேரம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். உங்களுக்கு அது 2 மணி 42 நிமிடம் வருகிறது. இது நல்ல தரையில் நடப்பதற்கான கணக்கு. உருளும் கற்களிலும் முட்செடிகளுக்கு நடுவிலும் அதை இரட்டிப்பாக்குங்கள்: ஏற ஐந்தரை மணி நேரம். இறங்க நாலு, ஓய்வுக்கு ஒன்று. 8 மணிக்குக் கிளம்பினால் வண்டியை அடைய மாலை ஆறரை ஆகிவிடும், குளிர்காலத்தில் அது இருட்டு. அதனால் 6 மணிக்கே நடக்கத் தொடங்குங்கள். எங்கே இருந்தாலும் பகல் பன்னிரண்டரைக்குத் திரும்புவது என்று வண்டியருகிலேயே பேசி முடிவு செய்யுங்கள். சிகரம் கண்ணெதிரே தெரியும்போது அந்தப் பேச்சு எடுபடாது. பாலைவனத்தின் வறண்ட காற்றில் தூரத்து மலையும் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். ‘இன்னும் அரை மணி நேரம்தான்’ என்று மனசு சொல்வதை நம்பாதீர்கள்.

அடுத்தது, நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயம்: இறக்கம். ஏறும்போது முகடுகள் எல்லாம் சிகரத்தை நோக்கி ஒன்றுசேரும். சற்றே தப்பான இடத்தில் தொடங்கினாலும் உச்சிக்குப் போய்விடலாம். இறங்கும்போது அதே முகடுகள் கிளை கிளையாகப் பிரியும். உச்சியில் ஒரு சின்னத் திருப்பம் தவறினால், அடிவாரத்தில் வேறொரு பள்ளத்தாக்கில் நிற்பீர்கள். நானும் ஒருமுறை அப்படி மாறி இறங்கி, மீண்டும் மேலே ஏறித்தான் வழியைப் பிடித்தேன். அந்த நேரத்தில் கால்கள் ஏற்கெனவே சோர்ந்திருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். ஆகவே ஏறும்போதே முகடு பிரியும் ஒவ்வொரு இடத்திலும் நின்று திரும்பிப் பாருங்கள். அந்த இடத்தைப் படம் எடுங்கள், ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்ளுங்கள்.

வறண்ட ஓடை வழியாக இறங்கினால் சுலபம் என்று தோன்றும். அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மழை வந்தால் அருவியாகிற செங்குத்துப் பாறைகள் ஓடைகளில் இருக்கும். மேலிருந்து பார்த்தால் விளிம்புக்கு வரும்வரை தெரியாது. வரைபடமும் காட்டாமல் போகலாம். வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்று என்றால், 15 மீட்டர் பாறை அதில் மறைந்தே போகலாம். திரும்ப ஏற முடியாத இடத்தில் ஒருபோதும் குதித்து இறங்காதீர்கள். எங்கோ தொலைவில் பெய்த மழை கூட ஓடையில் திடீர் வெள்ளமாக வரும். அன்றைக்கு மழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள்.

தண்ணீர்: குளிர்ந்த நாளிலும் நடக்கும் நேரத்தில் ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 5 லிட்டர், அவசரத்துக்கு இன்னொன்று. ஆறு கிலோ சுமைதான், வேறு வழியில்லை. போன வழியிலேயே திரும்புவதாக இருந்தால், பாதி வழியில் முகட்டின் மேல் ஆளுக்கு ஒரு லிட்டரை வைத்துவிட்டுப் போகலாம். இருவர் ஜிபிஎஸ்ஸிலும் அந்த இடம் இருக்கட்டும். உப்புள்ள தின்பண்டமும் வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் அளவில்லாமல் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகும்.

நண்பரின் வேகம் பற்றிச் சொன்னீர்கள். மெதுவாக நடப்பவர் முன்னே போகட்டும், அதாவது நீங்கள். ஒருவரை ஒருவர் பார்க்கும் தூரத்திலேயே நடங்கள். சரளைச் சரிவில் மட்டும் நேர் மேலும் கீழுமாக நிற்காதீர்கள், ஒருவர் கால்பட்டு உருளும் கல் மற்றவர் மேல் விழும். பக்கவாட்டில் விலகி நடங்கள், அல்லது ஒருவர் ஒதுங்கி நிற்கும்போது மற்றவர் கடக்கட்டும். ‘நீ இங்கே உட்கார், நான் மட்டும் உச்சியைத் தொட்டுவிட்டு வருகிறேன்’ என்பது வேண்டவே வேண்டாம். ஒருவர் திரும்பலாம் என்றால் இருவரும் திரும்ப வேண்டும், காரணம் கேட்காமல்.

வரைபடம், தண்ணீர், தலையில் மாட்டும் டார்ச், விசில், குளிருக்கான சட்டை எல்லாம் இருவரிடமும் தனித்தனியாக இருக்கட்டும். இரவில் பாலைவனக் குளிர் கடுமையாக இருக்கும். செல்போன் சிக்னல் கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு, சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை எடுத்துப்போங்கள். அப்புறம், வீட்டில் ஒருவரிடம் போகும் வழி, வண்டி நிற்கும் இடம், இரவு எத்தனை மணிவரை தகவல் வராவிட்டால் மீட்புக் குழுவை அழைக்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.